கேள்விக்கு வாசல் திறந்த திவான்

மைசூர் ராஜ்யத்தை ஆண்ட செங்கல்பட்டு ரங்காச்சார்லு

நீலசந்திராவில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், சாக்கடை அடைத்துக் கொண்டாலும், ஜனங்கள் கடைசியில் போய் நிற்கும் இடம் எம்.எல்.ஏ. ஆபீஸ். சாந்தி நகர் தொகுதியின் எம்.எல்.ஏ. விரும்பினால் அந்தக் குறையை விதான சௌதாவில் கேள்வியாக எழுப்பலாம். இந்த வேலைக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கப்பட்டது, எத்தனை செலவாயிற்று, ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். நட்சத்திரக் குறி போட்ட கேள்வி என்றால் மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். குறி போடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்.

இது சுதந்திரத்தோடு வந்த வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். கேள்வியைக் கட்டாயமாக்கிய உரிமை பிற்பாடு வந்ததுதான். ஆனால் ஊருக்கு ஊர் ஆட்களை வரவழைத்து, வரவு செலவை அவர்கள் முன் வாசித்து, அவர்கள் கேட்டதற்கு ராஜ்யத்தின் தலைமை அதிகாரியே நின்று பதில் சொன்ன வழக்கம் இந்த மண்ணில் 1881-லேயே தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தவர் ஒரு தமிழர். செங்கல்பட்டு ஜில்லாக்காரர். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து மேலே வந்தவர். பெயர் செட்டிப்புண்ணியம் வீரவள்ளி ரங்காச்சார்லு.

கச்சேரி குமாஸ்தா

ரங்காச்சார்லு பிறந்தது 1831-ம் வருஷம். அதே வருஷம்தான், நிர்வாகம் சீர்கெட்டுவிட்டது என்று சொல்லி, வெள்ளைக்காரர்கள் மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சியை எடுத்துக் கொண்டார்கள். அந்த ஆட்சி மகாராஜா வம்சத்துக்குத் திரும்ப 50 வருஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அதை ஏற்று நடத்தியவர், ஆட்சி பறிபோன வருஷத்தில் பிறந்த இந்தப் பிள்ளை.

சென்னையில் பவுல் துரை தலைமை வகித்த பள்ளிக்கூடத்தில் படித்தார். திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ், புதுக்கோட்டையைச் சீர்ப்படுத்திய சேஷய்யா சாஸ்திரி ஆகியோரும் பவுல் துரையின் மாணவர்களே. ஒரே வாத்தியாரிடம் படித்த மூன்று பேர் மூன்று ராஜ்யங்களின் கணக்கைச் சரி செய்தார்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல.

படிப்பு முடிந்ததும் 1849-ல் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலை. பேனாவும் மைக்கூடுமாகக் காலம் தள்ளிவிட்டுப் பென்ஷன் வாங்கியிருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. வருவாய் இலாகாவில் லஞ்சம் எப்படிக் கைமாறுகிறது என்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். செங்கல்பட்டு மிராசு உரிமைகளைப் பற்றி இன்னொன்று எழுதினார். சம்பளம் கொடுக்கும் இலாகாவைப் பற்றியே எழுத எந்தக் காலத்திலும் துணிச்சல் வேண்டும். அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மாறாக, மேலதிகாரிகளின் கண் அவர் மேல் விழுந்தது.

பிறகு இனாம் கமிஷனில் வேலை. பழைய ராஜாக்கள் தானமாகக் கொடுத்த நிலங்களில் எது செல்லும், எது செல்லாது என்று பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துத் தீர்க்க வேண்டிய வேலை அது. ஓலையும் செப்பேடும் பார்த்துப் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் பழக்கம் அங்கே கைவந்தது. 1864 வாக்கில் கள்ளிக்கோட்டையில் கருவூலம் பார்க்கும் டெபுடி கலெக்டர் ஆனார்.

அரண்மனைக் கணக்கு

1868 மார்ச்சில் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். சுவீகாரப் பிள்ளை சாமராஜேந்திரருக்கு அப்போது 5 வயது. அரண்மனை விவகாரங்களைத் தீர்க்க எலியட் என்ற அதிகாரியை வெள்ளை சர்க்கார் நியமித்தது. அவருக்கு உதவியாக வந்தவர் ரங்காச்சார்லு. நகை எத்தனை, கடன் எத்தனை, அரண்மனையில் சம்பளம் வாங்குகிறவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துச் சீர் செய்தார்கள். அரண்மனை நிர்வாகம் பின்னர் ரங்காச்சார்லுவின் பொறுப்பிலேயே வந்தது. கள்ளிக்கோட்டையில் தமக்குக் கீழே வேலை பார்த்த ஓர் இளைஞரையும் அதே வருஷம் மைசூருக்கு வரவழைத்துக் கொண்டார். பெயர் சேஷாத்ரி ஐயர். பெங்களூர்வாசிகளுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

1874-ல் ரங்காச்சார்லு மீண்டும் பேனாவை எடுத்தார். மைசூரில் வெள்ளைக்கார ஆட்சி நடக்கும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் லண்டனில் வெளியாயிற்று. பெரிய சம்பளத்தில் பெரிய உத்தியோகங்கள் எல்லாம் வெளிநாட்டாருக்கே போகின்றன, ஊர் ஜனங்களுக்கு அதனால் செலவு ஏறுகிறதே தவிர நன்மை ஏறவில்லை என்பது அதன் சாரம். அவரே அந்த நிர்வாகத்தின் நிழலில் இருந்தவர். செங்கல்பட்டில் செய்ததை இங்கேயும் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அரிசி இருந்தும் பட்டினி

இதற்குள் பெரும் இடி விழுந்தது. 1876-ல் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் தேறவில்லை. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தை மைசூர் ராஜ்யம் வெகுகாலம் மறக்கவில்லை. 1871 ஜனக் கணக்கில் 50 லட்சத்து 55 ஆயிரம் பேர். 1881 கணக்கில் 41 லட்சத்து 86 ஆயிரம் பேர். பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனத்தொகை 8 லட்சத்து 69 ஆயிரம் குறைந்தது. ராஜ்யத்தில் ஆறில் ஒரு பங்கு ஜனங்கள் கணக்கிலிருந்தே காணாமல் போனார்கள்.

தானியம் அடியோடு இல்லாமல் போகவில்லை என்பதுதான் கொடுமை. சென்னையிலிருந்து ஜோலார்ப்பேட்டை வழியாகப் பெங்களூர் தண்டு வரை 1864-லேயே ரயில் வந்துவிட்டது. மூட்டை மூட்டையாக அரிசி வந்து ஸ்டேஷனில் இறங்கியது. அங்கிருந்து உள்ளூர்களுக்குக் கொண்டு போக ரயில் இல்லை. மாட்டு வண்டிதான். தீவனம் இல்லாமல் மாடுகள் செத்துக் கொண்டிருந்தன. எந்த ஊரில் எத்தனை பேர் சாகிறார்கள் என்ற சேதி கச்சேரிப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி மேலே போவதற்குள், சாக வேண்டியவர்கள் செத்துப் போனார்கள். ஊர்க்காரன் நேரே தலைமையிடம் போய்ச் சொல்ல வழியே கிடையாது.

பஞ்சம் முடிந்தபோது மைசூர் ராஜ்யத்தின் தலையில், இந்திய சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய 80 லட்சம் ரூபாய் கடன் இருந்தது. இந்த நிலையில்தான் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

1881 மார்ச் 25. சாமராஜேந்திர உடையாருக்கு வயது 18. திவான் ரங்காச்சார்லுவுக்கு 50. மைசூர் செலுத்தி வந்த கப்பம் வருஷத்துக்கு 24½ லட்சம். புது உடன்படிக்கையில் அது 35 லட்சம் என்று எழுதப்பட்டது. பஞ்சத்தை முன்னிட்டு, கூடுதல் தொகையை வசூலிப்பதை மட்டும் தள்ளிப் போட்டார்கள். காலிப் பெட்டியும் கடன் சீட்டும் கையில் கொடுத்து, ராஜ்யத்தை நடத்து என்ற கதைதான்.

செலவை வெட்டினார்

திவான் முதலில் எடுத்தது கத்திரிக்கோல். இருந்த 8 ஜில்லாக்களை 6 ஆக்கினார். ஹாசனும் சித்ரதுர்க்கமும் ஜில்லா அந்தஸ்தை இழந்தன. கச்சேரிகள், கோர்ட்டுகள், உத்தியோகங்கள் குறைந்தன. வேலை போனவர்கள் திவானை வாழ்த்தியிருக்க மாட்டார்கள். இரண்டு ஊர்களையும் 1886-ல் மீண்டும் ஜில்லாக்களாக்க வேண்டி வந்தது. அந்த அளவுக்கு அவருடைய வெட்டு ஆழமாகப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்றில் மட்டும் அவர் கையை இறுக்கவில்லை. அது ரயில். பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கிய பெங்களூர்–மைசூர் பாதையை முடிக்கப் பணம் ஒதுக்கினார். சன்னபட்டணம், மண்டியா என்று பாதை படிப்படியாக நீண்டு, 1882 பிப்ரவரியில் மைசூரை எட்டியது. மேற்கொண்டு பாதை போட ராஜ்யத்துக்குள்ளேயே கடன் திரட்டினார். ஸ்டேஷனில் மூட்டை அடுக்கிக் கிடக்க ஊரில் ஜனங்கள் சாகக் கண்டவருக்கு, ரயில் பாதை வீண் செலவாகத் தோன்றவில்லை.

144 பேர்

செலவை வெட்டும் அதிகாரிகள் எங்கும் உண்டு. வெட்டியதை ஜனங்கள் முன் கணக்காக வைக்கிறவர் அபூர்வம். ரங்காச்சார்லு அதைச் செய்தார்.

1881 ஆகஸ்ட் 25-ம் தேதி மகாராஜா பெயரால் ஓர் உத்தரவு வந்தது. தசரா சமயத்தில் ராஜ்யத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஜனப் பிரதிநிதிகள் மைசூருக்கு வர வேண்டும். சென்ற வருஷம் சர்க்கார் என்ன செய்தது, வரும் வருஷம் என்ன செய்யப் போகிறது என்பதை அவர்கள் முன் திவான் சொல்வார். அவர்கள் தங்கள் ஊர்த் தேவைகளையும் குறைகளையும் எடுத்துச் சொல்லலாம். இதுதான் மைசூர் பிரஜா பிரதிநிதி சபை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஓட்டு முறை அப்போது இல்லை. ஒவ்வொரு ஜில்லாவிலும் லோக்கல் பண்ட் போர்டு இருந்தது. நிலவரியோடு சேர்த்து வசூலிக்கும் தனி வரியிலிருந்து ஊர்ச் சாலை போன்ற வேலைகளைச் செய்யும் அமைப்பு அது. தாலுகாவுக்கு ஒருவர் அல்லது இருவராக நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்களையும், ஜில்லாவுக்கு மூன்று நான்கு பேராகப் பெரிய வியாபாரிகளையும் இந்தப் போர்டுகள் பொறுக்கி அனுப்ப வேண்டும். லோக்கல் பண்ட் பணம் எங்கே போயிற்று என்று கேட்கப் போகிறவரை, அந்தப் பண்டைக் கையாளும் போர்டே பொறுக்கியது! போர்டின் தலைவர் ஜில்லா அதிகாரி. ஓட்டை எங்கே இருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அது மட்டுமல்ல. கூலிக்காரன், நெசவாளி, தீண்டாமைக்கு ஆளான சாதிக்காரன் இவர்களில் ஒருவருக்கும் அந்தப் பொறுக்கலில் இடம் வைக்கப்படவில்லை. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் யாரோ அவர்கள் சார்பில் பேச, நிலமும் கடையும் உள்ளவர்கள்தான் வந்தார்கள். சபைக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் கிடையாது. பட்ஜெட்டை நிறுத்தும் அதிகாரமும் கிடையாது. சொல்லலாம், கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் அந்த அவ்வளவு, அப்போது இந்தியாவில் வேறு எங்கே இருந்தது? சென்னை, பம்பாய், கல்கத்தா சட்டசபைகளில் நியமன அங்கத்தினர்கள் இருந்தார்கள். சர்க்காரைக் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு 1892 சட்டத்தில்தான் கிடைத்தது. துணைக் கேள்வி போடும் உரிமை 1909-ல் வந்தது. ஊராட்சி, நகராட்சிகளுக்கு ஜனங்களின் ஆட்களைக் கொண்டு வர வேண்டும் என்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு தீர்மானம் போட்டது 1882 மே மாதம். காங்கிரஸ் மகாசபை பம்பாயில் 72 பேருடன் முதன்முதலாகக் கூடியது 1885 டிசம்பரில். இவை அத்தனைக்கும் முன்பாக, 1881 அக்டோபர் 7-ம் தேதி, மைசூரில் 144 பேர் கூடி உட்கார்ந்தார்கள்.

தலைப்பாகையும் அங்கவஸ்திரமுமாக வந்த இந்த ரயத்துகளுக்கும் வியாபாரிகளுக்கும் அன்று வரை சர்க்கார் என்றால் அமல்தார்தான். அமல்தார் முன்னால் கைகட்டி நின்று பழகியவர்கள். இப்போது அமல்தாருக்கு மேலே, டெபுடி கமிஷனருக்கும் மேலே இருக்கும் திவான், அவர்கள் முன் நின்று கணக்கு வாசித்தார். பஞ்சத்தால் வந்த கடன், கொடுக்க வேண்டிய கப்பம், வரவு, செலவு, குறைத்த உத்தியோகங்கள், போடப் போகும் ரயில் எல்லாம் அதில் வந்தன.

பிறகு அவர்கள் முறை. ஏரி தூர்ந்து போயிற்று, கரை உடைந்தது, சாலை இல்லை, குடிதண்ணீர்க் கிணறு வேண்டும், காட்டில் விறகும் தழையும் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள், பள்ளிக்கூடம் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். வருஷா வருஷம் அந்தச் சபையில் ஒலித்தவை இப்படிப்பட்ட குறைகள்தான். உடனே சொல்லக் கூடியதற்குத் திவான் உடனே பதில் சொல்லுவார். மற்றவை சம்பந்தப்பட்ட இலாகாவுக்குப் போகும். நடவடிக்கைகள் அச்சாகும்.

அச்சாகும் என்பதைக் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். வாயால் சொன்ன குறை காற்றோடு போகும். அச்சில் ஏறிய குறை பைலில் நிற்கும். அடுத்த தசராவில் அதே ஆள் எழுந்து, போன வருஷம் சொன்னீர்களே என்று கேட்பான். கச்சேரியில் காகிதம் எழுதி வளர்ந்த ரங்காச்சார்லுவுக்கு அதன் பலம் நன்றாகத் தெரியும். இந்த ஒரு ஏற்பாடு, சபைக்குக் கொடுக்காமல் விட்ட அதிகாரத்தில் பாதியை ஈடு செய்துவிட்டது எனலாம்.

15 மாதம்

1882 அக்டோபரில் சபை இரண்டாம் முறை கூடியது. இந்தத் தடவை திவான் தொழில் வளர்ச்சியைப் பற்றி அதிகம் பேசினார். விவசாயத்தை மட்டும் நம்பி இருக்கும் ஜனங்கள் ஒரு மழை தப்பினால் அழிந்து போவார்கள், கைத்தொழிலும் ஆலைத் தொழிலும் பெருக வேண்டும் என்பது அவர் கருத்து. பெங்களூரைத் தொழில் நகரம் ஆக்கியவர்கள் என்று பிற்காலத் திவான்கள் பலரைச் சொல்கிறோம். அந்த எண்ணத்தை ஜனங்கள் முன் வைத்ததில் இவர் முந்தியவர்.

மூன்றாவது சபையை அவர் பார்க்கவில்லை. உடல்நலம் கெட்டுச் சென்னைக்குப் போனவர், 1883 ஜனவரி 20-ம் தேதி அங்கே காலமானார். திவான் பதவியில் இருந்தது இரண்டு வருஷம்கூட முழுதாக இல்லை. சபை தொடங்கி 15 மாதம்தான் ஆகியிருந்தது.

தொடங்கியவர் போனதும் சபையும் போயிருக்கலாம். மகாராஜாவின் உத்தரவால் வந்தது, உத்தரவால் நின்றிருக்கும். அது நிற்காமல் இருந்ததற்குச் சேஷாத்ரி ஐயர் காரணம். 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த அவர், தசராதோறும் சபையைக் கூட்டிக் கணக்கு வாசித்து, கேள்விகளுக்கு முகம் கொடுத்தார். போர்டு பொறுக்கி அனுப்பும் முறை போய், 1891 முதல், சொத்தும் படிப்பும் உள்ளவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் முறை வந்தது.

சங்கடமான கேள்வி ஒன்றும் உண்டு. ரங்காச்சார்லுவும் சேஷாத்ரி ஐயரும் சென்னை மாகாணத்தார். அவர்கள் காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து படித்தவர்கள் பலர் வந்து மைசூர் உத்தியோகங்களில் அமர்ந்தார்கள். மைசூர் வேலை மைசூர்க்காரருக்கே என்ற குரல் அதனால்தான் எழுந்தது. அதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. வெள்ளைக்காரருக்கே பெரிய வேலையா என்று 1874-ல் ரங்காச்சார்லு எழுதிய அதே வாதத்தைத்தான், பின்னால் கன்னடத்தார் மதராஸ்காரர்களைப் பார்த்துக் கேட்டார்கள்.

தண்டில் இருந்தவர்கள்

இன்னொரு விஷயம் பெங்களூர்த் தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1881-ல் ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்த வெள்ளைக்காரர்கள், பெங்களூரில் தண்டுப் பகுதியை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக் கொண்டார்கள். அல்சூர், சூளை என்று பட்டாளத்தோடு வந்து குடியேறிய தமிழர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள். ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து வந்த கொத்தனார்கள், வண்டிக்காரர்கள், துரை வீட்டு வேலைக்காரர்கள், கடைக்காரர்கள். அவர்களுடைய சாலையும் தண்ணீரும் ரெசிடெண்ட் துரையின் கீழ் வந்தன. திவானின் அதிகாரம் தண்டு எல்லையோடு நின்றது. ஒரு தமிழ்த் திவான் அமைத்த சபையில், சில மைல் தள்ளி இருந்த தமிழர்களின் ஊருக்கு ஆசனம் இல்லை.

சபை மெல்ல வளர்ந்தது. 1907-ல் சட்டசபை ஒன்றும் தனியாக ஏற்பட்டது. 1923-ல் பிரஜா பிரதிநிதி சபைக்குச் சட்டப்படியான அந்தஸ்து கிடைத்தது. அதுவரை மகாராஜாவின் தயவாக இருந்தது அதன் பிறகுதான் உரிமையாயிற்று. 1949-ல் சபை கலைக்கப்பட்டது. 68 வருஷம் நடந்திருக்கிறது.

சேஷாத்ரி ஐயருக்குப் பெங்களூரில் ஒரு புரமே இருக்கிறது. கப்பன் பூங்காவில் சிலையும் நினைவு மண்டபமும் இருக்கின்றன. ரங்காச்சார்லுவின் பெயரைப் பார்க்க மைசூருக்குப் போக வேண்டும். பெரிய மணிக்கூண்டுக்கு அருகில் உள்ள டவுன் ஹால், 1884-ல் அவர் நினைவாக எழுந்ததுதான். மைசூர் ரயிலைப் பிடித்து தசரா பார்க்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் அரண்மனைப் பக்கம் போகிறார்கள்.

தண்டுப் பகுதி 1947-ல் மைசூர் ராஜ்யத்தோடு திரும்பச் சேர்ந்தது. அங்கிருந்த தமிழர்கள், வயது வந்த அனைவருக்கும் ஓட்டு என்ற சட்டத்தின்படி மைசூர் சட்டசபைக்கு ஆள் அனுப்பியது 1952 தேர்தலில்.